எவ்வளவு தேறும்

இரவு ஷிஃப்டில் இரண்டாம் முறையாக
மாதிரிக் குழாயைத் திறந்தேன்.
வந்தது சாறல்ல,
பொன்னையாறு.

மூன்று நாள் மழைக்குப் பின்
மேல்பாடிப் பக்கத்து வெட்டு.
ஆள் கிடைக்காமல்
இயந்திரம் அள்ளிப் போட்ட கரும்பு,
தோகையோடு, வேரோடு,
வேர் விடாத மண்ணோடு.

சுண்ணாம்புப் பாலுக்கும் கந்தகப் புகைக்கும்
பருமண் பணிந்துவிடும்.
நுண்மண் பணியாது.
எல்லாத் துகளுக்கும் ஒரே குணம்,
அதனாலேயே ஒன்றையொன்று அண்டவிடாமல்
கொதிக்கும் இனிப்பில்
அந்தரத்தில் நிற்கும்.
கிளாரிஃபையரின் கண்ணாடியில்
டீக்கடைப் பாய்லர் நிறம்.

தஸ்தகீர் பாலிமர் கரைத்தார்.
ரவை கிண்டும் கை அவருக்கு,
கட்டி தட்டாமல்
ஒரு சிட்டிகை, ஒரு சுற்று,
ஒரு சிட்டிகை, ஒரு சுற்று.
"வேகமா சுத்துனா சங்கிலி அறுந்துடும் மேடம்."
கண்ணுக்குத் தெரியாத சங்கிலி.
வாளியிலிருந்து விரலை எடுத்தால் மட்டும்
நூலாக இழுபடும்.

வெந்நீரில் ஐந்து குழாய் நிறுத்தினேன்.
பத்து லட்சத்தில் ஒரு பங்கு:
ஒன்றும் நடக்கவில்லை.
இரண்டு: ஒரு தயக்கம்.
மூன்று:
சட்டென்று சாறு திரிந்தது,
துகளும் துகளும் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு
ஊறிய அவலாகத் திரண்டு
கீழே இறங்கின.
நான்கும் அப்படித்தான்.
ஆறு ஊற்றிய குழாய் மறுபடி கலங்கியது.
அதிகம் கொடுத்தால்
ஒவ்வொரு துகளும் தனக்கொரு போர்வை போர்த்தி
தனித்தனியே படுத்துக்கொள்ளும்.

"மேடம், எவ்ளோ தேறும்?"

ஜன்னலுக்கு வெளியே ஒருவர்.
தலையில் உரச் சாக்கு, கையில் எடைச்சீட்டு.
சாற்றைக் கேட்கிறார் என்று நினைத்து
"இன்னும் இருபது நிமிஷம்" என்றேன்.

"அது இல்ல மேடம். எனுக்கு."

சீட்டில் பெயர்: எத்திராஜ்.
மண் கழிவு: நூற்றுக்கு நான்கு.

"போன ஆடில இங்கதான்
ஒரு டிராக்டர் பிரஸ்மட் வாங்கிகினு போனேன்.
காசு குடுத்து.
அது இன்னா? இந்தக் குழாய் அடில கீதே, அதான.
நான் கொண்டாந்தா கழிவு,
நீங்க குடுத்தா எருவா?"

இந்தக் கேள்விக்கு
என்னிடம் குழாய் இல்லை.
எடை என் பிரிவு அல்ல என்றேன்.
உண்மைதான்.
சொன்ன பிறகு அது
ஆறு பங்கு ஊற்றிய குழாய்போல் இருந்தது.

அவர் மூன்றாம் குழாயை வாங்கி
விளக்குக்கு நேரே பிடித்தார்.
அடிவண்டலை நெடுநேரம் பார்த்தார்.
"இதுல பாதி என்னுது இல்ல.
என்னுது செவப்பு.
இந்தக் கறுப்பு மணவாளனுது,
பெரியப்பன் மகன்.
அவன் லாரி எனுக்கு முன்னாடி போச்சு."

ஒரு முழ வரப்புக்காகச்
சத்துவாச்சாரி கோர்ட்டில்
பதினோரு வருஷமாகப் படியேறுகிறார்களாம்.
சிரிப்பாரோ என்று பார்த்தேன்.
குழாயை மெல்லச் சாய்த்தார்,
கறுப்பும் சிவப்பும் பிரிகிறதா என்று.
பிரியவில்லை.
நுனி நகத்தால் கண்ணாடியைத் தட்டினார்.
அப்போதும் இல்லை.

"இன்னா போட்டீங்க இதுல?"
"பாலிமர்."
"கிலோ எவ்ளோ?"

தஸ்தகீர்தான் சிரித்தார்.

நாலு நாற்பதுக்கு வழிந்த சாற்றின் வழியே
என் கைரேகை தெரிந்தது.
வண்டல் வடிகட்டி உருளைக்குப் போயிற்று,
அங்கிருந்து குவியலுக்கு.
ஆடி வந்தால் விலைக்கு.

பதிவேட்டில்
மூன்று பங்கு என்று எழுதினேன்.
குறிப்பு என்ற கட்டத்தில்
"சாறு தேறியது."
அடியில் இன்னும் ஒரு வரிக்கு இடமிருந்தது.

வெளியே எடைமேடையில்
லாரி இறங்கிப்போன பிறகும்
எத்திராஜ் நின்றுகொண்டிருந்தார்,
செருப்பை ஒன்றோடொன்று தட்டி
ஒட்டியிருந்த மண்ணை
மேடையிலேயே உதிர்த்தபடி.